நான் கட்டிய முகூர்த்தப் புடவை

ஐம்பது வருடம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், என் மனதில் முதலில் வருவது நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் காட்சிதான். அதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்பதெல்லாம் அப்போது உறைக்காது. சின்ன வயதிலிருந்தே என் எதிர்காலக் கனவுகளில் இந்தக் கோளாறு உண்டு. எல்லாரும் சமம், யாரையும் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை, ஆணுக்கு ஒரு வரிசை பெண்ணுக்கு ஒரு வரிசை என்பது கிடையாது என்று அழகாகத்தான் தொடங்கும். கொஞ்ச தூரம் போவதற்குள் நடுவில் நான் வந்து நின்றுவிடுவேன், அரக்கு நிறப் பட்டில், காதில் ஜிமிக்கியோடு. மற்ற எல்லாரும் சமமாக நின்றுகொண்டு என்னையே பார்ப்பார்கள்.

இந்த லட்சணத்தில் என்னை ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தும் அம்மா ஒருவர், புதுமனைப் புகுவிழாவுக்குப் புடவை எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். பில் போடும்போது என்னிடம், எதிர்காலச் சமூகத்தில் ஆண், பெண், மற்றவர்கள் எல்லாம் எப்படிப் பார்க்கப்படுவார்கள் என்று ஒரு கூட்டம் வைக்கிறோம், நீங்கள் வந்து பேசவேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்றேன். தேதியைக்கூடக் கேட்கவில்லை.

நான் ஒரு திருநங்கை. ஆரணியில் ஒரு பட்டுக் கடையில், முதல் மாடியில், முகூர்த்தப் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்டது முதல் விஷயத்துக்காக. நான் போய் இரண்டாவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். ஏன் அப்படி ஆயிற்று என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பட்டுக் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். புடவையை மெத்தையில் விரித்துக் காட்டினால் மட்டும் யாருக்கும் திருப்தி வராது. கட்டினால் எப்படி விழும், முந்தி எவ்வளவு இறங்கும், பார்டர் எங்கே நிற்கும் என்று தெரியவேண்டும். அதற்காகக் கடையில் வேலை செய்யும் ஆண் ஒருவர் எழுந்து, பேன்ட் சட்டைக்கு மேலேயே புடவையைச் சுற்றி, கொசுவத்தைப் பெல்ட்டில் செருகி, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். மேலே மீசை இருக்கும், சட்டைப் பையில் பேனா இருக்கும், மற்றபடி கல்யாணப் பெண். யாரும் சிரிக்கமாட்டார்கள். வாங்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கொஞ்சம் திரும்பு தம்பி, முந்தியைக் காட்டு தம்பி என்பார்கள். அவரும் திரும்புவார்.

பெண் ஊழியர்கள் இதைச் செய்வதில்லை. அவர்கள் ரேக்கிலிருந்து எடுத்துத் தருவார்கள், விரிப்பார்கள், வாங்குகிறவரின் தோளில் வைத்துக் கண்ணாடியைக் காட்டுவார்கள், மடிப்பார்கள். தங்கள் மேல் மட்டும் போட்டுக்கொள்ளமாட்டார்கள். ஏன் என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை. எனக்குத்தான் யோசிக்க நேரமில்லையே, நான் கட்டிக்கொண்டிருந்தேனே.

பன்னிரண்டாவதில் கணக்கு என்னைக் கைவிட்டபிறகு இந்தக் கடையில் சேர்ந்தேன். அப்போது பேன்ட் சட்டை போட்ட ஒல்லிப் பையன். சேர்ந்த சில நாளிலேயே, கட்டிக் காட்டுகிற ஆள் டீ குடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, முதலாளி என்னைக் கைகாட்டினார். மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர் போட்ட புடவை. எடுத்துச் சுற்றினேன். யாரும் சொல்லித்தரவில்லை. கொசுவம் தானாக வந்து விரலில் அடுக்கிக்கொண்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, மகளைப் பார்த்து, நீ கட்டினால்கூட இவ்வளவு நன்றாக இருக்குமா தெரியவில்லை என்றார். மகள் முறைத்தாள். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புடவை விற்றுப்போய்ப் பில்லும் போட்டாயிற்று, அவிழ்த்துக் கொடு என்று முதலாளி கீழிருந்து கத்தும்வரை நின்றேன்.

மற்ற ஆட்கள் விற்பனை முடிந்ததும் புடவையை உதறிப் போட்டுவிடுவார்கள். நான் அவிழ்ப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்வேன். முந்தியைத் தனியாக நீவுவேன், கொசுவத்தை ஒவ்வொன்றாக விடுவேன். முதலாளி இதைத் தொழில் பக்தி என்று நினைத்தார். ஒரு ஆயுத பூஜை அன்று எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டி ஒரு சஃபாரித் துணி கொடுத்தார். கடை நிறையப் பட்டு இருக்கும்போது எனக்குச் சஃபாரியா என்று அழுகை வந்துவிட்டது. பையனுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று முதலாளி மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் என்னைப் போன்ற ஒருத்திக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. பகல் முழுக்கப் புடவை கட்டலாம், அதற்குச் சம்பளம் உண்டு, தெருவில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமுடியாது. ஷட்டரை இறக்கி, பேன்ட் சட்டையோடு மட்டும் வீட்டுக்குப் போகும்போதுதான் வேஷம் போட்ட மாதிரி இருக்கும்.

முப்பதைத் தாண்டியபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முடி வளர்த்தேன். சென்னையில் மருத்துவர்களைப் பார்க்கப் போய்வந்தேன். முதலாளியிடம் சொல்லவேண்டிய நாளும் வந்தது. பல நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். அவர் கடுமையாகத் திட்டினால் என்ன பதில், வெளியே போ என்றால் என்ன பதில் என்று எல்லாம் தயார். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவதற்கென்று ஒரு பையில் துணிமணிகூட எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் ஒரு புடவையின் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்தே என் மனதளவில் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றார், நிமிராமலே. "தெருவுக்கே தெரியும். நீதான் லேட்டு. ஆஸ்பத்திரிக்கு எத்தினி நாள் லீவு வேணும்? ஆவணியில முகூர்த்தம் ஜாஸ்தி, அதுக்குள்ள வந்துடு."

அவ்வளவுதான். என் பெரிய வசனத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கோபித்துக்கொண்டு போகக் கொண்டுவந்த பையைச் சாயங்காலம் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். எல்லாரும் இப்படியே நடந்துகொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்தது வேறு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லாததால் அதை இங்கே எழுதவில்லை.

ஆவணிக்குள் வந்துவிட்டேன். பெண் ஊழியர்களுக்கான யூனிஃபார்ம் புடவை கொடுத்தார்கள். கத்தரிப்பூ நிறம், வழுக்கிக்கொண்டே இருக்கும் பாலியஸ்டர். இத்தனை வருடம் பட்டில் புரண்ட உடம்புக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் புடவை அது. கொசுவம் நிற்கவே இல்லை. ஊரிலேயே நன்றாகப் புடவை கட்டுகிறவள் என்று பெயர் எடுத்தவள், முதல் நாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

கட்டிக் காட்டுகிற வேலையை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. யூனிஃபார்ம் புடவைக்கு மேலேயே பட்டைச் சுற்றிக் காட்டினேன். பழைய வாடிக்கையாளர்கள் தம்பி என்று ஆரம்பித்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மீதியை முழுங்கிக்கொள்வார்கள். ஆனால் புடவையை வாங்கிவிடுவார்கள். விற்பனை ஒரு துளி குறையவில்லை. பார்த்தீர்களா, ஊர் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். சென்னையில் இருக்கும் தோழிகளுக்குப் போன் போட்டு, நீங்கள் எல்லாம் போராட்டம் நடத்துகிறீர்கள், நான் நாலு புடவை கட்டிக் காட்டி முடித்துவிட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவர்கள் பொறுமைசாலிகள்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம்தான் கடைக்கு வருவார், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சாந்தமாக இருப்பார். மற்ற நாளில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் என் பெருமையை அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் என் டிபன் பாக்ஸில் இருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாங்கல்லாம் ஏன் கட்டிக் காட்றது இல்லன்னு எப்பனா யோசிச்சியா?"

இல்லை என்றேன்.

"பொம்பள கட்னா அது கட்ன பொடவ ஆயிடும். இன்னொருத்தி கட்ன பொடவைய முகூர்த்தத்துக்கு எவ எடுப்பா? ஆம்பள கட்னா அது கணக்குல இல்ல. பொம்மை மேல போட்ட மாதிரி." வறுவலில் பாதியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "உன்னையக் கட்டச் சொல்லி வாங்கிகினு போறாங்க இல்ல? அப்ப உன்ன இன்னான்னு நெனச்சிகினு போறாங்க?"

என்னைப் புண்படுத்த அவர் சொல்லவில்லை. ஒரு விஷயம் தெரியாமல் இருக்கிறாளே என்று சொன்னார். நான் டிபன் பாக்ஸை மூடினேன். இத்தனை நாள் ஊர் என்னை ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி என்று நான் காட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு விற்பனையும், நீ இன்னும் அந்தப் பேன்ட் சட்டைப் பையன்தான் என்று ஊர் எனக்குச் சொன்ன பதில். அதை நான் சென்னைக்கு வேறு போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

கட்டிக் காட்டுவதை அன்றைக்கே விட்டுவிட்டு மடிக்கிற பக்கம் போயிருக்கலாம். மானமுள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். எனக்கு மானமும் வேண்டும், கண்ணாடி முன் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டும். எனக்கு வேறு என்ன தெரியும்? படிப்பு இல்லை, கணக்கு வராது, முதலாளியிடம் எனக்கு இருந்த மரியாதையே இந்த இடுப்பை நம்பித்தான். என்னைப் பெண்ணாகப் பார்க்கவேண்டும், ஆனாலும் என்னைக் கட்டிக் காட்டவும் விடவேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது போய்விடும் என்று தெரிந்தபிறகும் நான் இரண்டுக்குமாக ஆசைப்பட்டேன்.

ஆகவே ஒரு வழி செய்தேன். பெரிய பொட்டாக வைத்தேன். மூக்குத்தி குத்திக்கொண்டேன். தலை கொள்ளாமல் பூ வைத்தேன். இதற்குமேல் எவரும் என்னைப் பொம்மையாக நினைக்கமுடியாது என்று நினைத்தேன். நினைத்தார்கள். மூக்குத்தியோடு சேர்த்துப் பார்க்கும்போது புடவை இன்னும் எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போனார்கள். குரலைக் குழைத்துப் பேசிப் பார்த்தேன். அந்த மாதம் விற்பனை கூடியது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், அதுதான் தாங்கமுடியவில்லை.

கல்லூரி அம்மா என்னைக் கூப்பிட்டது இந்தச் சமயத்தில்தான். ஊரிடம் கேட்டுக் கிடைக்காததை எதிர்காலத்திடம் கேட்டு வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். முதலில் ஒரு கடையைக் கற்பனை செய்தேன். எனக்கு வேறு எந்த இடமும் கற்பனையில் வருவதில்லை. அந்தக் கடையில் புடவைப் பிரிவு, வேட்டிப் பிரிவு என்று பலகை இல்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துப் போடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை, அது வளர்ந்து தானே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதன் முன் போய் நின்றால் போதும், கேட்ட புடவையைக் கட்டிய மாதிரி காட்டிவிடும். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்தக் கடையில் எனக்கு வேலை இல்லை என்பது தெரிந்தது. கண்ணாடியை உடைத்துப் போட்டேன்.

மறுபடி யோசித்தேன். சரி, கண்ணாடி வேண்டாம். யாரும் யாரையும் நீ ஆணா பெண்ணா என்று கவனிக்காத சமூகம். அதுவாவது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சமூகத்தில் என் தெருவில் நடந்து போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புது ஜிமிக்கி போட்டிருந்தேன், அதையும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊசி மருந்து, ஆபரேஷன், வீட்டை விட்டது எல்லாம் பட்டு நான் பெண்ணாகியிருக்கிறேன். அதை யாரும் கவனிக்கவே மாட்டார்களாம், அது ஒரு முன்னேற்றமாம். மற்றவர்களுக்கு அது விடுதலையாக இருக்கலாம். எனக்கு, கஷ்டப்பட்டுச் சமைத்து எடுத்துக்கொண்டு போனபோது எல்லாரும் சாப்பிட்டுவிட்டோம் என்று சொன்ன மாதிரி இருந்தது. இதையெல்லாம் கல்லூரியில் எப்படிச் சொல்வது? தாளைச் சுருட்டி எறிந்துவிட்டேன்.

வைகாசி முகூர்த்தக் கூட்டம் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை வெம்பாக்கம் பக்கத்திலிருந்து வேன் எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, வரப்போகும் மருமகள், இன்னும் சிலர். எங்கள் கடைக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா விவசாயம் பார்க்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. புடவையைப் புரட்டிப் பார்க்கும் அழுத்தத்தில் நெல்லா பதரா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. நிறையப் புடவைகளைத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு அரக்கு நிறப் புடவையில் நின்றார். உடம்பெல்லாம் சின்னப் பொடிப் புட்டா, இரண்டு பக்கமும் அகலமான பார்டர். என் எதிர்காலத்தில் எல்லாம் நான் கட்டிக்கொண்டு வருவது இந்தப் புடவையைத்தான்.

யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து கட்டினேன். அன்றைக்குக் கொசுவம் வந்த மாதிரி அதற்கு முன் வந்ததே இல்லை. முந்தியை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மருமகளுக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது, போனை எடுத்து மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பினாள். விற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், வழக்கம்போல் நெஞ்சில் ஒரு முள் குத்தியது.

அந்த அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தில் வரச்சொல்லி, குரலைத் தாழ்த்தி, இதே நிறத்தில் வேறு புடவை இருந்தால் எடுக்கச் சொன்னார். இதற்கு என்ன குறை என்று கேட்டேன். அவர் சங்கடமாக மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருடமாகப் பார்க்கிற பார்வை அது. நான் தொட்டதால் வேண்டாம் என்கிறார். ஆசீர்வாதத்துக்கு மட்டும் எங்கள் கை வேண்டும், முகூர்த்தப் புடவைக்கு வேண்டாம். என் கோபம் கொஞ்சம் கெட்டது. வாடிக்கையாளர் என்றெல்லாம் பார்க்காமல் நேராகக் கேட்டுவிட்டேன்.

"நான் திருநங்கைன்றதால வேணாம்ன்றீங்களா?"

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவருக்கும் கோபம் வந்தது.

"அதுக்கு இன்னா இப்ப? பாத்தா தெரியாதா எனுக்கு? பொட்டு வச்சிகினுகீற, பூ வச்சிகினுகீற, பொம்பளதான நீ?" என்றார். "முகூர்த்தப் பொடவம்மா. வேற ஒரு பொம்பள எங் கண்ணு முன்னால கட்னத எம் மருமவளுக்கு எடுக்க மனசு வரல. தப்பா நெனச்சிக்காத. ஒரு ஆம்பள ஆளு யாருனா இருந்தா வந்து கட்டிக் காட்டச் சொல்லு."

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அரக்குப் புடவையோடு அப்படியே நின்றேன். எனக்குத் திட்டவும் தெரியும், அழவும் தெரியும், இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல், வயிற்றிலிருந்து தொண்டைவரை சந்தோஷமாக இருந்தது. அதே புடவையை அன்று காலையிலிருந்து எத்தனை பெண்கள் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் எந்தப் புடவைதான் அப்படிப் படாதது? அதை அவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் புடவையையே எடுத்திருப்பாரோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே வேட்டிப் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது, முறுக்கு மீசை, தொப்பை. நான் இருக்கும் தைரியத்தில் அவர் புடவையைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. அவர் அதே நிறத்தில் வேறு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கொசுவத்தைத் தலைகீழாகச் செருகி, தொப்பைக்குக் கீழே பார்டர் மடங்கி நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா முகம் மலர்ந்தது. ரொம்ப லட்சணமாக இருக்கிறது, இதையே போடுங்கள் என்றார். போகும்போது என் கையைப் பிடித்து, கல்யாணத்துக்கு வந்துவிடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அரக்குப் புடவையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாக் அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். அழுகிறாயா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் தன் யூனிஃபார்ம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அந்தப் பாலியஸ்டர் ஒன்றையும் உறிஞ்சாது, ஈரத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளியது.

முதலாளி ஸ்டாக் அறை வாசலில் வந்து நின்றார். அடுத்த பார்ட்டி வருகிறது, அந்தப் புடவையை மடித்து ரேக்கில் வை, இந்தத் தடவை மீசைக்காரர் கட்டட்டும் என்றார். நியாயமான பேச்சு. வியாபாரம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். என் வாயில் அப்போது யார் புகுந்தார்களோ தெரியாது.

"இது கட்ன பொடவ மொதலாளி. முகூர்த்தத்துக்குக் குடுக்கக் கூடாது."

"இன்னா பேஜாரு இது? இத்தினி வருசமா நீ கட்னதெல்லாம் வித்துகினுதான இருந்துச்சி?"

"அப்ப நான் கட்னது கணக்குல இல்ல. இன்னிக்குக் கட்னதும் கணக்குல இல்லன்னு சொல்லுங்க, இப்பவே ரேக்குல வச்சிட்றேன்."

அவர் மாட்டிக்கொண்டார். பரவாயில்லை வை என்று சொன்னால், நீ பெண்ணில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல புடவை முடங்கிப் போகும். அவர் என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், ஜரிகையை நகத்தால் ஒருமுறை சுரண்டினார். இத்தனை வருடத்தில் அவர் எதையும் இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. இந்த மனிதர் இப்போது எதைச் சொன்னாலும் அது எனக்குச் சாகும்வரை இருக்கும் என்று தெரிந்தது.

"அப்ப இத இன்னா பண்ண?" என்றார்.

நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விலை தெரியுமா என்றார். நான்தானே ஸ்டிக்கர் ஒட்டினேன் என்றேன். அக்கா பின்னால் திரும்பிச் சிரித்தார்.

"சரி. சம்பளத்துல மாசா மாசம் புடிச்சிக்கிறேன்," என்றார் முதலாளி. மாடிப்படிவரை போனவர் திரும்பி நின்றார். "நாளைலர்ந்து நீ கட்ட வாணாம்மா. எடுத்துக் குடு, போதும்."

நான் என் வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்பதும், ஜெயித்த கையோடு என் வேலையை நானே பறிகொடுத்துவிட்டேன் என்பதும் அவர் படியிறங்கிப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே மீசைக்காரர் என் இடத்தில் நின்றார். கொசுவத்தைச் சின்னதாக எடுங்கள் அண்ணே, வயிற்றை உள்ளே இழுங்கள் அண்ணே என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது. இப்போதும் அவர் கட்டும்போது என் விரல்கள் சும்மா இருப்பதில்லை, மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கின்றன. வலிக்கத்தான் செய்கிறது.

கல்லூரிக்கு அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். யோசித்து வைத்திருந்த எதிர்காலமெல்லாம் பேச ஆரம்பித்த உடனேயே மறந்துவிட்டது. இந்தப் புடவை எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொன்னேன். மீசைக்காரர் கொசுவம் செருகியதை மேடையிலேயே செய்து காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கூப்பிட்ட அம்மா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட பெண், சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"ஒரு பொண்ணு கட்டுனா அந்தப் புடவை ஆகாதுன்றதே தப்பில்லையாங்க மேடம்? அதுக்குப் போய் நீங்க சந்தோஷப்பட்டேன்றீங்க. அம்பது வருஷம் கழிச்சு யார் கட்டிக் காட்டினாலும் ஒண்ணுதான்னு ஆயிடணும் இல்லையா?"

ஆமாம், அது தப்புதான், அப்படித்தான் ஆகவேண்டும் என்று சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், ஒரு சால்வையும் போட்டார்கள், அது அரக்குக்குப் பொருந்தவில்லை.

ஆரணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என் முந்தியைத் தொட்டுப் பார்த்து, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்த மாணவி கேட்ட சமூகம் வரட்டும், கட்டாயம் வரவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் மெதுவாக மட்டும் வரட்டும். நான் கட்டிய புடவையை, பெண் கட்டியது என்று சொல்லி ஒருத்தி வேண்டாமென்று தள்ளி, இன்னும் முதல் மாதத் தவணைகூடச் சம்பளத்தில் பிடித்தம் ஆகவில்லை.